பதில் எழுதுவதே பாடம்: இணையவழியில் தகவல் அமைப்புகள் முதுநிலைக் கல்வி

இணையவழிக் கல்வியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காணொளியைச் சுற்றியே நடக்கிறது. விரிவுரை தெளிவாக இருக்கிறதா, எத்தனை நிமிடம் ஓடுகிறது, கைபேசியில் பார்க்க வசதியா என்று விசாரிக்கிறோம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கு இந்த விசாரணை போதுமானதாக இருக்கலாம். பகலில் ஒரு நிறுவனத்தில் வேலை, இரவில் முதுநிலைப் படிப்பு என்று வாழும் முப்பது வயதுக்காரருக்குப் போதாது. விளக்கம் அவருக்கு எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். தான் எடுத்த முடிவு தேறுமா, தேறாதா என்று பார்த்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

தகவல் அமைப்புகள் துறையில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். கணினி அறிவியலுக்கும் நிர்வாகவியலுக்கும் நடுவில் முளைத்த துறை இது. 1960களின் பிற்பகுதியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் டேவிஸ் போன்றவர்கள் இதற்குத் தனிப் பாடத்திட்டம் வகுத்தார்கள். நிரல் ஓடுகிறதா என்பதோடு இங்கே கேள்வி முடியாது. அதை யார் பயன்படுத்துவார்கள், யாருடைய வேலை மாறும், தரவு யார் கைக்குப் போகும், பழுதானால் யார் பதில் சொல்வது என்று நீளும். இவற்றில் எதற்கும் பாடநூலின் கடைசிப் பக்கத்தில் விடை இல்லை.

அமெரிக்கக் கணினிச் சங்கமான ஏசிஎம்மும் தகவல் அமைப்புகள் சங்கமும் சேர்ந்து வகுத்த எம்எஸ்ஐஎஸ் 2016 வழிகாட்டியும் இதை ஒப்புக்கொள்கிறது. எந்தெந்தப் பாடங்களை நடத்த வேண்டும் என்ற பழைய பட்டியல் முறையை அது கைவிட்டது. படித்து முடித்தவர் என்னென்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று ஒன்பது திறன் பரப்புகளில் வரையறுத்தது. செய்யத் தெரிந்திருக்கிறதா என்பதைச் செய்ததைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்த்துச் சொல்லும் வேலைதான் இணையவழி முதுநிலை வகுப்பில் கற்பித்தலின் உயிர்நாடி. பாடத்தை ஒருமுறை பதிவு செய்து ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். பதிலை ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியாக வேண்டும்.

துறை தன்னையே ஆராய்ந்த கதை

கொரோனா காலத்தில் திடீரென்று வந்து இறங்கிய ஏற்பாடாகவே இணைய வகுப்பைப் பலர் நினைக்கிறார்கள். தகவல் அமைப்புகள் துறைக்கு அதனோடு நெடுங்காலப் பழக்கம் உண்டு. நியூஜெர்சி தொழில்நுட்பக் கழகத்தில் மரே டுராஃப் 1970களிலேயே கணினிவழிக் கலந்துரையாடல் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். அவரும் சமூகவியலாளர் ஸ்டார் ராக்சேன் ஹில்ட்ஸும் சேர்ந்து 1978இல் வெளியிட்ட ‘தி நெட்வொர்க் நேஷன்’ என்ற நூல், தனிக்கணினி வீடுகளில் பரவுமுன்பே, மக்கள் எழுத்து வழியாகக் கணினியில் கூடிப் பேசும் நாளைக் கணித்தது. 1980களின் நடுவில் ஹில்ட்ஸ் அந்த அமைப்பின் மேல் ‘மெய்நிகர் வகுப்பறை’யைக் கட்டி, கல்லூரிப் பாடங்களை நடத்திப் பார்த்து, நேரடி வகுப்புகளோடு ஒப்பிட்டார்.

அந்த வகுப்பறையில் காணொளி கிடையாது, படம்கூடக் கிடையாது. தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்து வரும் எழுத்து மட்டுமே. ஆனாலும் தேர்ச்சியில் நேரடி வகுப்புக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஹில்ட்ஸும் அவருடைய சகாக்களும் பின்னர் நடத்திய ஆய்வுகளில் இன்னொன்று தெளிவானது. மாணவர்கள் கூடி வேலை செய்து, ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் எழுதும் வகுப்புகள் நேரடி வகுப்புக்கு ஈடு கொடுத்தன. பாடக்குறிப்பைப் போட்டுவிட்டுத் தனித்தனியாகப் படிக்கவிட்ட வகுப்புகள் பின்தங்கின.

2001இல் பிக்கோலி, அகமது, ஐவ்ஸ் ஆகிய மூவரும் ‘எம்ஐஎஸ் குவார்ட்டர்லி’ இதழில் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். இளநிலை மாணவர்களுக்கு அடிப்படைக் கணினித் திறன் கற்பித்த இரு வகை வகுப்புகளின் தேர்வு முடிவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இணையத்தில் படித்தவர்களுக்குக் கணினியைக் கையாள்வதில் தன்னம்பிக்கை கூடியிருந்தது. கற்ற விதத்தில் மனநிறைவோ குறைந்திருந்தது. மதிப்பெண் வருகிறது, மனம் நிறையவில்லை என்ற இந்த நிலை இன்றும் பல இணையப் படிப்புகளில் தொடர்கிறது.

மறுபக்கத்தில் ஆசிரியருக்கு என்ன நேர்கிறது? 2002இல் நான்சி கோப்போலா, ஹில்ட்ஸ், நவோமி ராட்டர் ஆகியோர் இணையத்தில் கற்பித்த ஆசிரியர்களைப் பேட்டி கண்டு எழுதிய கட்டுரை இதற்கு இன்றும் நல்ல விடை. அறிவு சார்ந்த பணி ஆழமாகியிருந்தது. பேசிக் கடந்துவிடுவதை எழுதும்போது இன்னும் நுட்பமாக யோசிக்க வேண்டியிருந்தது. முகம் பார்க்காமல் உணர்வை வெளிப்படுத்தப் புதிய வழி தேட வேண்டியிருந்தது. ஆனாலும் மாணவரோடு நெருக்கம் கூடியது என்றார்கள். வகுப்பை நிர்வகிக்கும் வேலை மட்டும் சந்தேகமே இல்லாமல் பெருகியிருந்தது. இம்மி பிசகாத அறிவுறுத்தல், திட்டமான கால அட்டவணை, யார் பின்தங்குகிறார் என்ற இடைவிடாத கண்காணிப்பு எல்லாம் கூடுதல் சுமையாக வந்து சேர்ந்தன.

அந்தக் கண்காணிப்பு சில்லறை வேலை அல்ல. நேரடி வகுப்பில் புரியாத முகம் முன்வரிசையிலேயே தெரிந்துவிடும். இணையத்தில் புரியாதவர் மௌனமாகிவிடுவார். வேலை, குழந்தை, இரவுப் பணி என்று அல்லாடுபவர் மூன்றாம் வாரத்தில் ஒரு அசைன்மென்ட்டைத் தவறவிட்டால், ஐந்தாம் வாரத்தில் பாடத்தையே விட்டுவிட வாய்ப்பு அதிகம். கற்றல் தளத்தின் வருகைப் பதிவைப் பார்த்து, “இந்த வாரம் உங்களைக் காணவில்லையே, தேதி தள்ளித் தரட்டுமா?” என்று உரிய நேரத்தில் ஆசிரியர் எழுதும் இரண்டு வரி, ஒரு மணிநேரக் காணொளி செய்யாததைச் செய்யும்.

விவாதம் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

இணைய வகுப்பில் வாரம் ஒரு விவாதக் கேள்வி என்பது ஏறக்குறைய சடங்காகிவிட்டது. கேள்விக்கு ஒரு பதிவு, இரண்டு சக மாணவர்களுக்கு மறுமொழி என்று கணக்கு வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். “அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்” என்று தொடங்கும் மறுமொழிகள் குவிகின்றன.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000இல் முன்வைத்த ‘விசாரணைச் சமூகம்’ என்ற சட்டகம் இந்த நோயை அடையாளம் காண உதவுகிறது. இணையவழிக் கற்றலுக்குச் சிந்தனை, சமூக உறவு, ஆசிரியர் ஆகிய மூன்றும் வகுப்பில் உணரப்பட வேண்டும் என்றார்கள். மறு ஆண்டு, முதுநிலை மாணவர்களின் கணினிவழி விவாதப் பதிவுகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். சிக்கலை எழுப்புவது, துழாவிப் பார்ப்பது, இணைத்துப் பொருள் காண்பது, தீர்வுக்கு வருவது என்று நான்கு கட்டங்கள். துழாவும் கட்டத்தில் 42 விழுக்காடு பதிவுகள் இருந்தன. இணைத்துப் பார்க்கும் கட்டத்துக்கு 13 விழுக்காடும், தீர்வுக்கு 4 விழுக்காடும்தான் எட்டின. சிறிய மாதிரி என்பதால் எண்களை அப்படியே பொதுமைப்படுத்தக் கூடாது. ஆனால் இணைய விவாதம் நடத்திய எவருக்கும் இந்தப் போக்கு பழகியதுதான். எல்லாரும் கருத்துச் சொல்வார்கள். யாரும் முடிவுக்கு வரமாட்டார்கள்.

குற்றம் பெரும்பாலும் கேள்வியில் இருக்கிறது. ‘ஈஆர்பி எனும் நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள் திட்டங்கள் ஏன் தோல்வியடைகின்றன?’ என்று கேட்டால் மேலாண்மை ஆதரவின்மை, பயிற்சிக் குறைவு, மாற்றத்துக்கு எதிர்ப்பு என்று எல்லாரிடமிருந்தும் ஒரே பதில் வரும். அதையே ஒரு நிகழ்வுக்குள் வைத்துக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 1990களின் இறுதியில் சுமார் 112 மில்லியன் டாலர் செலவில் எஸ்ஏபி, சீபல், மனுஜிஸ்டிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஒரே வீச்சில் நிறுவ முனைந்தது. 48 மாத வேலை, 2000ஆம் ஆண்டுத் தேதிகளைப் பழைய நிரல்கள் தவறாகக் கணக்கிடும் என்ற சிக்கலை முன்னிட்டு 30 மாதமாகச் சுருக்கப்பட்டது. வியாபாரம் மந்தமான ஏப்ரலில் தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. அப்போதுதான் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும். 1999 இலையுதிர் காலத்தில் கிடங்கில் சாக்லேட் இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டு லாபம் 19 விழுக்காடு சரிந்தது.

மாணவர்களிடம் இந்த முடிவைச் சொல்லிவிட்டு ‘ஏன்?’ என்று கேட்பதில் சுவாரசியம் இல்லை. 1999 ஜூன் மாதத்தில் அவர்களை நிறுத்த வேண்டும். ஒரு குழு தகவல் துறைத் தலைவர், ஒரு குழு கிடங்கு மேலாளர், ஒரு குழு விற்பனைப் பிரிவு. ‘ஜூலையில் தொடங்கலாமா, அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரே முடிவுக்கு வந்து, தாமதத்தின் செலவை யார் ஏற்பது என்றும் எழுதுங்கள்.’ இப்போது “உடன்படுகிறேன்” என்று எழுதித் தப்ப முடியாது. தள்ளிப்போட்டால் 2000ஆம் ஆண்டுச் சிக்கலைப் பழைய அமைப்பு தாங்குமா என்று ஒருவர் கேட்பார். கிடங்கை மட்டும் பழைய முறையில் ஓட்டலாமே என்று இன்னொருவர் சொல்வார். வங்கியிலோ மருத்துவமனையிலோ இதே போன்ற மாற்றத்தைக் கண்ட மூன்றாமவர் தன் அனுபவத்தைக் கொண்டுவருவார். ஆசிரியர் நடுவே புகுந்து இரண்டு வாதங்களை மோதவிட்டால் விவாதம் தீர்வுக் கட்டத்தை எட்டும்.

வேலையில் இருக்கும் மாணவர்களின் அனுபவம் இந்த வகுப்பின் பெரிய சொத்து. எச்சரிக்கையோடு கையாள வேண்டிய சொத்தும்கூட. தன் நிறுவனத்தின் தரவுத்தள வரைபடத்தையோ, பாதுகாப்புக் குறைபாட்டையோ அசைன்மென்ட்டில் எழுதுபவர், வேலையில் சேரும்போது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறக்கூடும். நிறுவனத்தின் பெயரையும் எண்களையும் மாற்றிச் சிக்கலின் அமைப்பை மட்டும் கொண்டுவரச் சொல்லும் விதியை முதல் வாரமே வகுப்பது நல்லது. எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் இத்துறையில் ஒரு பயிற்சிதான்.

ஒரு பில், இரண்டு பதில்கள்

பதில் எழுதுவது என்றால் என்ன என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். தரவுத்தள வடிவமைப்புப் பாடத்தில் ஒரு மளிகைக் கடைக்கான அமைப்பை வரையச் சொல்லியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் மூன்று அட்டவணைகள் தருகிறார். பொருள் அட்டவணையில் பொருள் எண், பெயர், விலை. பில் அட்டவணையில் பில் எண், தேதி, வாடிக்கையாளர். பில் வரி அட்டவணையில் பில் எண், பொருள் எண், அளவு. எட்கர் காட் 1970களின் தொடக்கத்தில் வகுத்த இயல்பாக்க விதிப்படி எந்தத் தகவலும் இரண்டு இடத்தில் இல்லை. தானியங்கித் திருத்தியிடம் கொடுத்தால் முழு மதிப்பெண் போட்டுவிடும்.

ஆனால் இந்த அமைப்பு கடையில் ஒரு மாதம் தாங்காது. மார்ச்சில் கிலோ 60 ரூபாய்க்கு அரிசி விற்றிருக்கிறது. ஏப்ரலில் விலை 66 ஆகிறது. பொருள் அட்டவணையில் எண்ணை மாற்றியதும் மார்ச் மாத பில்கள் அத்தனையும் 66 ரூபாய்க்குக் கணக்குக் காட்டும். ஏற்கெனவே கட்டிய வரிக்கும் கணக்குக்கும் பொருந்தாமல் போகும்.

“விற்ற விலையைப் பில் வரியில் சேர்க்கவும், இரண்டு மதிப்பெண் கழிவு” என்று ஆசிரியர் எழுதினால் மாணவர் சேர்த்துவிட்டு மறந்துவிடுவார். அதற்குப் பதிலாக, “மார்ச்சில் அரிசி வாங்கியவர் ஏப்ரலில் வந்து பில் நகல் கேட்கிறார். உங்கள் அமைப்பு என்ன விலை அச்சிடும்?” என்று கேட்டு நிறுத்திக்கொள்ளலாம். கெட்டிக்கார மாணவர் தேதிவாரியாக விலை வரலாறு வைக்கும் தனி அட்டவணையோடு வருவார். நல்ல யோசனை, பாராட்டலாம். பிறகு இரண்டாம் கேள்வி: “முதலாளி தெரிந்தவர் ஒருவருக்கு மட்டும் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துப் போட்டிருந்தால்?” விலை வரலாறு இங்கே கை கொடுக்காது. இன்றைய பட்டியல் விலையும் அன்று விற்ற விலையும் இரு வேறு உண்மைகள், பெயர் மட்டும் ஒன்று என்று மாணவருக்கு அப்போது உறைக்கும்.

இரண்டு கேள்விகள் எழுதப் பத்து நிமிடம் ஆகலாம். அதற்குள் விதியைப் பின்பற்றுவதிலிருந்து, அந்த விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எடைபோடுவதற்கு மாணவர் நகர்ந்துவிடுகிறார். இதற்கு நேரலை வகுப்பு தேவையில்லை. மாணவர் யோசித்து மறுநாள் பதில் எழுதும் இடைவெளி இங்கே அனுகூலம். நேரடி வகுப்பில் முந்திக்கொண்டு கைதூக்கும் இருவர் விடையைச் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

எண்ணிக்கை பெருகும்போது

பத்து நிமிடம் மலிவு என்று தோன்றலாம். வாரம் ஒரு அசைன்மென்ட், படிக்கவும் எழுதவும் ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் 25 பேருக்கு வாரம் ஆறேகால் மணி நேரம். 100 பேர் என்றால் 25 மணி நேரம். இணையப் படிப்பில் இடத்துக்குத் தட்டுப்பாடு இல்லை என்பதால் சேர்க்கையைக் கூட்டும் ஆசை நிர்வாகங்களுக்கு எளிதில் வரும். நாற்காலிக்குத்தான் தட்டுப்பாடு இல்லை. ஆசிரியரின் நேரத்துக்கு உண்டு.

இந்தக் கணக்கை நேர்மையாக எதிர்கொண்ட முன்மாதிரி, பக்கத்துத் துறையான கணினி அறிவியலில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி, இணையக் கல்வி நிறுவனமான உடாசிட்டி ஆகியவற்றின் துணையோடு 2014 ஜனவரியில் தொடங்கிய இணையவழி முதுநிலைப் படிப்பின் மொத்தக் கட்டணம் அப்போது 7,000 டாலருக்கும் கீழே இருந்தது. ஏறக்குறைய 380 பேரோடு தொடங்கிப் பின்னர் ஒரே பருவத்தில் 10,000 பேரைத் தாண்டியது. குட்மன், மெல்கர்ஸ், பலாய் ஆகிய மூவரும் அதன் விண்ணப்பதாரர்களை ஆராய்ந்தபோது ஒரு வேறுபாடு துலங்கியது. நேரடிப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து அப்போதுதான் பட்டம் பெற்ற 24 வயது இளைஞர். இணையப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர் வேலையில் இருக்கும் 34 வயது அமெரிக்கர். ஒன்று மற்றதன் மாணவர்களைப் பறிக்கவில்லை. வேறு எங்கும் சேர்ந்திருக்க மாட்டாதவர்களுக்கு இணையப் படிப்பு கதவைத் திறந்தது.

இத்தனை பேருக்குப் பதில் எழுதியது யார்? 2016இல் அங்கே பேராசிரியர் அசோக் கோயல் தன் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ‘ஜில் வாட்சன்’ என்ற உரையாடல் நிரலைப் பயிற்று உதவியாளர்களுக்கு நடுவே அமர்த்தினார். ஏறத்தாழ 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் எழுதும் 10,000 செய்திகளில் ஒரு பகுதிக்கு அது பதில் சொன்னது. பதில் தருவது இயந்திரம் என்பது பருவ இறுதியில்தான் மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. ஆனால் ஜில் வாட்சனுக்கு விடப்பட்டவை கடைசித் தேதி, கோப்பின் வடிவம் போன்ற வழக்கமான கேள்விகள். படிப்பின் எல்லாப் பாடங்களிலும் அசைன்மென்ட்டைப் படித்து மதிப்பிட்டவர்கள் நூற்றுக்கணக்கான பயிற்று உதவியாளர்கள். அவர்களில் பலர் அதே இணையப் படிப்பில் முன்பு தேறியவர்கள். விரிவுரையை ஒருமுறை பதிவு செய்து மிச்சம் பிடித்த பணம் மனிதக் கண்களுக்குச் செலவானது. மலிவின் ரகசியத்தை அறிய விரும்பும் நிர்வாகிகள் படிக்க வேண்டிய பக்கம் இது.

இயந்திரமே அசைன்மென்ட் எழுதும்போது

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபின் நிலைமை இன்னொரு திருப்பம் எடுத்தது. தேவைகள் அறிக்கை, தரவுத்தள வரைபடம், ஹெர்ஷி பற்றிய அலசல் எல்லாவற்றையும் இயந்திரம் நொடியில் எழுதித் தரும். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி மாணவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஹம்சா பஸ்தானி குழு நடத்திய ஆய்வு இங்கே பயன்படும். சாட்ஜிபிடி போன்ற கருவியைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் கணிதப் பயிற்சியில் 48 விழுக்காடு மேம்பட்டார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. பள்ளிக் கணிதத்தில் கண்டதை முதுநிலை வகுப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் விடை கொடுக்கும் பதிலுக்கும் கேள்வி கேட்கும் பதிலுக்கும் உள்ள வேறுபாடு, மளிகைக் கடை பில்லில் பார்த்த அதே வேறுபாடுதான்.

ஆகவே மதிப்பெண்ணின் எடை இடம் மாற வேண்டும். இறுதி அறிக்கைக்கு மட்டும் மதிப்பெண் தராமல் முதல் வரைவு, அதற்குக் கிடைத்த விமர்சனம், அதன்பின் செய்த மாற்றம், மாற்றியதற்கான காரணம் ஆகிய எல்லாவற்றுக்கும் பிரித்துத் தரலாம். பருவத்தில் ஒருமுறை பத்து நிமிடம் நேரலையில் அழைத்து, “இந்த இணைப்பை ஏன் இப்படிப் போட்டீர்கள்? நாளை இன்னொரு கிளை திறந்தால் எது உடையும்?” என்று கேட்கலாம். இயந்திரத்தின் உதவியோடு எழுதியிருந்தாலும், தன் வடிவமைப்பைத் தாங்கிப் பேசத் தெரிந்தவர் கற்றவரே. நிறுவனத்தில் அவரிடம் கேட்கப்போவதும் இதைத்தான்.

சமம் என்பது எங்கே இருக்கிறது?

இந்தியாவில் இணையவழிப் படிப்புகளுக்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வகுத்தது. அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. சென்னையிலும் கோவையிலும் வேலை பார்த்துக்கொண்டே முதுநிலை படிக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய கதவு. ஆனால் ஆணை தருவது தாளில் உள்ள சமம். கற்றலில் சமம் உண்டா என்பது வேறு கேள்வி. அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2010இல் முடிக்கப்பட்ட, பல ஆய்வுகளைத் தொகுத்த மீப்பகுப்பாய்வில், இணையவழியில் கற்றவர்கள் சராசரியாகச் சற்று மேலாகவே இருந்தார்கள். அந்த மேம்பாட்டுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் காரணமாக இருக்கலாம், ஊடகமே காரணம் என்று கொள்ள முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஹில்ட்ஸ் பல ஆண்டுகளாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு இணையவழி முதுநிலைப் படிப்பின் தரத்தை அறிய விளம்பரத்தில் இருக்கும் காணொளி மாதிரி உதவாது. சேருமுன் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒரு ஆசிரியருக்கோ உதவியாளருக்கோ எத்தனை மாணவர்கள்? கொடுத்த அசைன்மென்ட் எத்தனை நாளில், எத்தனை வரி விமர்சனத்தோடு திரும்பும்? திருத்தி மறுபடி கொடுக்க வாய்ப்பு உண்டா? பல்கலைக்கழகங்களும் ஆசிரியரின் பணிப்பளுவை விரிவுரை மணிநேரத்தில் கணக்கிடும் பழக்கத்தை விட்டு, படித்துப் பதில் எழுதும் நேரத்தைப் பணியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத வேலைக்கு ஊதியம் கிடையாது. ஊதியம் இல்லாத வேலை நாளடைவில் நின்றுபோகும். அப்படி நின்றுபோன இடத்தில் காணொளி மிஞ்சும், பட்டமும் மிஞ்சும், கல்வி இருக்காது.